ரேக்கில் 399, பில்லில் 435: எல்லை கடந்து வாங்கிய எண்ணெய்க்கு எங்கே முறையிடுவது?

இந்தக் கடிதம் களியக்காவிளைக்கு அருகிலிருந்து வந்திருக்கிறது. கணவருடன் சேர்ந்து சிறிய டீக்கடை நடத்தும் வாசகி ஒருவர், பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நான்கு பக்கங்கள் எழுதியிருக்கிறார். பில்லின் நகலையும் மூன்று புகைப்படங்களையும் இணைத்திருக்கிறார். கடிதத்தின் சாரம் இது.

ஓண விற்பனை நாட்களில், கேரள எல்லைக்கு அப்பால் பாறசாலைப் பக்கத்திலுள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 27-ஆம் தேதி மாலை வீட்டுக்கும் கடைக்கும் சேர்த்துச் சாமான் வாங்கினார். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் பாக்கெட்டுக்கு ரேக்கில் 399 ரூபாய் என்று மஞ்சள் சீட்டு இருந்ததால் பத்து பாக்கெட் எடுத்தார். பில்லில் ஒவ்வொன்றுக்கும் 435 விழுந்திருப்பதை வீட்டுக்கு வந்து இரவில் கணக்குப் பார்க்கும்போதுதான் கண்டார். அதே பையிலிருந்த அரை லிட்டர் நெய் ஜாடியின் மேல் 355 என்று ஒரு ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டிப் பார்த்தபோது அடியில் 335 என்ற அச்சு தெரிந்தது. "சேமிப்பு பேக்" என்று எழுதி வைத்திருந்த நான்கு கிலோ சோப்புத்தூளும், ஒரு கிலோ பாக்கெட்டை நான்காக வாங்குவதைவிடக் கூடுதல் விலை என்று தெரிந்தது.

மறுநாள் போய்க் கேட்டபோது மேலாளர், "சிஸ்டத்தில் உள்ள விலைதான் விலை, சீட்டு பழையது, எடுக்க மறந்துவிட்டார்கள், எப்படியும் எம்.ஆர்.பி.க்குள்தான் போட்டிருக்கிறோம்" என்று சொல்லி, 360 ரூபாய்க்குக் கூப்பன் தர முன்வந்திருக்கிறார். வாசகி சீட்டைப் படம் எடுத்தபோது போலீசைக் கூப்பிடுவதாக மிரட்டியும் இருக்கிறார். அதன்பின் ஆளுக்கொரு யோசனை. கணவர் ஐந்து லட்சம் கேட்டு வழக்குப் போடச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், கடை கேரளத்தில் இருப்பதால் திருவனந்தபுரத்துக்குத்தான் அலைய வேண்டும் என்கிறார். கனடாவிலிருக்கும் தம்பி, விலை தவறினால் பொருளையே இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறார். கடையின் பெயரைப் போட்டு வாட்ஸ்அப்பில் எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தின் அடியில், வேறு பேனாவால், ஒரு பின்குறிப்பு இருக்கிறது: ஐந்து கிலோ மட்டா அரிசிப் பை இரண்டு எடுத்து வந்தோம், பில்லில் ஒன்றுதான் விழுந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டுமா?

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பின்குறிப்பைத்தான் நான் முதலில் படித்தேன். அதற்குப் பதிலை மட்டும் கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் மற்றவை தெளிந்த பிறகே அது சரியாகப் புரியும். நீங்கள் எழுதியிருப்பவை மூன்று வெவ்வேறு சங்கதிகள். எண்ணெய் விஷயத்தில் கடை தவறான விலையைக் காட்டியது. நெய் விஷயத்தில், ஸ்டிக்கரை ஒட்டியது யாராயிருந்தாலும், அச்சிட்ட விலை மறைக்கப்பட்டது. சோப்புத்தூள் விஷயத்தில் ஒரு சொல்லால் உங்களை வாங்கத் தூண்டியது. மூன்றையும் ஒரே மூச்சில் "ஏமாற்று" என்று எழுதினால், பலமுள்ள புகார் பலமில்லாத புகாரோடு கலந்து நீர்த்துப்போகும்.

ரேக் சீட்டு கடையைக் கட்டுப்படுத்துமா?

"எழுதி வைத்த விலைக்குத் தந்தே ஆக வேண்டும், அதுதானே சட்டம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நேரடியான பதில், இல்லை என்பதே. ஒப்பந்தச் சட்டத்தின் பார்வையில் ரேக்கில் பொருளையும் விலையையும் வைப்பது "வந்து கேளுங்கள்" என்ற அழைப்பு மட்டுமே. பொருளைக் கையில் எடுத்துக் கவுன்டருக்குக் கொண்டுபோய் "இதை வாங்குகிறேன்" என்று முன்வருவது நீங்கள்; கவுன்டரில் அதை ஏற்கும்போதுதான் ஒப்பந்தம் உருவாகிறது. இங்கிலாந்தில் 1953-இல் ஒரு மருந்துக்கடை வழக்கில் சொல்லப்பட்ட இந்தக் கொள்கையை நம் சட்டக் கல்லூரிகளில் முதலாண்டிலேயே படிக்கிறோம். ஆகவே கவுன்டரில் நிற்கும்போதே 435 என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால், "399-க்குத் தா" என்று சட்டத்தைக் காட்டிக் கட்டாயப்படுத்த முடியாது. வேண்டாம் என்று வைத்துவிட்டு வரலாம்.

ஆனால் உங்களுக்கு நடந்தது அதுவல்ல. 399 என்று நம்பி எடுத்தீர்கள், 435 வசூலிக்கப்பட்டது தெரியாமல் பணம் கொடுத்தீர்கள். இங்கே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் வருகிறது. அந்தச் சட்டத்தின் பிரிவு 2(1) விளம்பரம் என்ற சொல்லை விளக்கும்போது, பத்திரிகை, தொலைக்காட்சி, இணையம் ஆகியவற்றோடு அறிவிப்பு, லேபிள், உறை, பில் வரை எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. ரேக்கில் செருகியிருந்த அந்த மஞ்சள் சீட்டும் விளம்பரமே என்று இதைக்கொண்டு வாதிடலாம். பொருளின் விலையைப் பற்றி மக்களைத் தவறாக எண்ணச் செய்வது பிரிவு 2(47)-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. மேலாளர் சொன்ன "எம்.ஆர்.பி.க்குள்தான் போட்டோம்" என்பது வேறொரு குற்றச்சாட்டுக்கான பதில். பாக்கெட்டில் 460 அச்சாகியிருக்கும்போது 435 வாங்கியதால் எம்.ஆர்.பி. விதியை அவர்கள் மீறவில்லை, உண்மைதான். நாம் கேட்பதோ, 399 என்று ஏன் காட்டினீர்கள் என்பது.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 399 என்ற எண் சீட்டின் பாதியை அடைத்துக்கொண்டிருக்கிறது. அதன் அடியில், ஓர் அரிசி மணியின் உயரத்துக்கும் குறைவான எழுத்தில், சலுகை 24 வரை என்று மலையாளத்தில் போட்டிருக்கிறது. "எனக்கு மலையாளம் எழுத்துக்கூட்டித்தான் வரும், அதனால் அந்த வரி என்னைக் கட்டுப்படுத்தாது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வாதத்தை விட்டுவிடுங்கள். கேரளத்துக் கடை மலையாளத்தில் எழுதுவதில் குறை காண முடியாது. எண்ணை எந்த மொழிக்காரரும் படிக்கலாம். அதைவிடப் பலமான வாதம் அந்தப் படத்திலேயே இருக்கிறது: 24-ஆம் தேதி முடிந்த சலுகையின் சீட்டு 27-ஆம் தேதி மாலையும், நீங்கள் திரும்பிப் போன 28-ஆம் தேதியும் அதே இடத்தில் நின்றிருக்கிறது. உங்களிடம் தவறை ஒப்புக்கொண்ட பிறகும் மேலாளர் அதை எடுக்கச் சொல்லவில்லை என்றால், மறதி என்ற விளக்கம் அந்த நிமிடத்தோடு காலாவதியாகிவிடுகிறது.

கடையின் வழக்கறிஞராக நான் இருந்தால் என்ன சொல்வேன் என்பதையும் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். "திரையில் விலை தெரிந்தது, பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுத்தார்" என்பேன். தவறான தகவலால் ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம் என்று சொல்லும் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 19, சாதாரணக் கவனத்துடன் உண்மையைக் கண்டுபிடித்திருக்கக்கூடியவருக்கு அந்த உரிமை இல்லை என்றும் சொல்கிறது. ஆகவே திரை எந்தப் பக்கம் திரும்பியிருந்தது, பின்னால் எத்தனை பேர் நின்றார்கள், எத்தனை பொருட்கள் என்பதையெல்லாம் நினைவிருக்கும்போதே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் 31 வரிகள் இருக்கின்றன. ஓணக் கூட்டத்தில் 31 வரிகளையும் ஓடும் திரையில் ஒருவர் சரிபார்த்திருக்க வேண்டும் என்று எந்த நுகர்வோர் ஆணையமும் எளிதில் சொல்லிவிடாது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி வரும்.

தம்பி சொன்னதும் கற்பனையல்ல. கனடாவில் சில்லறை வணிகர்கள் தாமாக முன்வந்து ஏற்றுக்கொண்ட நெறிமுறை ஒன்று இருக்கிறது. ஸ்கேனரில் விழும் விலை காட்டிய விலையைவிட அதிகமானால், பத்து டாலருக்கு உட்பட்ட பொருளை இலவசமாகத் தருவார்கள், அதற்கு மேற்பட்டதில் பத்து டாலர் குறைப்பார்கள். அதில் சேர்ந்த கடைகளுக்கே அது பொருந்தும். பாறசாலையில் அதைக் கேட்க முடியாது.

பில்லில் உள்ள வரி உங்களுக்கென்று போட்டதல்ல

"தமிழ்நாட்டுக்காரி என்பதால் எங்களுக்குத் தனியாக வரி போட்டிருக்கிறார்கள், இரண்டு வரி தெரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பில்லின் அடியில் மத்திய ஜி.எஸ்.டி. 103.57, மாநில ஜி.எஸ்.டி. 103.57 என்று எண்ணெய்க்கு நேராக இருப்பதைப் பார்த்து இப்படி நினைத்திருக்கிறீர்கள். 4,350 ரூபாய்க்குள் அடங்கியிருக்கும் ஐந்து சதவீத வரியைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்களே தவிர, மேலே கூட்டவில்லை. 4,350-ஐ 1.05-ஆல் வகுத்தால் 4,142.86, மீதி 207.14, அதில் பாதி 103.57. 2017 ஜூலை முதல் நாடு முழுவதும் ஒரு பொருளுக்கு ஒரே விகிதம்தான். கவுன்டரில் நேரில் வாங்குபவர் எந்த மாநிலத்தவர் என்பதைப் பொறுத்து அது மாறுவதில்லை. இதைப் புகாரில் சேர்த்தால் முதல் விசாரணையிலேயே அடிபட்டுப்போகும், மற்றப் புகார்களின் மேலும் சந்தேகம் விழும்.

எம்.ஆர்.பி. என்பதே எல்லா வரிகளும் உட்பட்ட உச்ச விலை. அதன் மேல் வரி சேர்த்து வாங்கியிருந்தால் அது தவறு. அப்படி நடக்கவில்லை.

நெய் ஜாடியை இனிச் சுரண்டாதீர்கள்

தொகை சிறியதானாலும் உங்கள் கடிதத்தில் சட்டப்படி மிகவும் உறுதியான புகார் இந்த இருபது ரூபாய்தான். பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளில் விதி 18, அச்சிட்ட சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது என்றும், கடைக்காரர் அந்த விலையை அழிக்கவோ மறைக்கவோ மாற்றவோ கூடாது என்றும் சொல்கிறது. விலையைக் குறைப்பதற்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்ட விதி 6 அனுமதிக்கிறது. அப்போதும் பழைய அச்சு மறையக் கூடாது. உங்கள் ஜாடியில் ஸ்டிக்கர் விலையை ஏற்றவும் செய்கிறது, அச்சை மறைக்கவும் செய்கிறது.

ஒன்று மட்டும் கவனியுங்கள். இரண்டு ஜாடிகளில் இரண்டு எம்.ஆர்.பி. அச்சாகியிருப்பது மட்டுமே மோசடிக்கு ஆதாரம் ஆகாது. வெவ்வேறு மாதத்துச் சரக்கு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்; 2025 செப்டம்பர் 22-இல் நெய் உட்படப் பல பொருட்களின் ஜி.எஸ்.டி. குறைந்தபோது பழைய அச்சோடு திருத்திய விலை ஸ்டிக்கரும் வந்தது. அவையெல்லாம் குறைத்து ஒட்டியவை. ஏற்றி ஒட்டியதற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

ஸ்டிக்கர் பாதி கிழிந்து, அடியில் 335 தெரியும் நிலையிலேயே ஜாடியை விட்டுவிடுங்கள். நெய்யை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஜாடியைக் கழுவ வேண்டாம், வெந்நீர் பட்டால் பசை இளகி ஸ்டிக்கர் முழுவதும் வந்துவிடும். ஸ்டிக்கரும் அச்சும் தயாரிப்பு மாதமும் ஒரே படத்தில் விழும்படி ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள்.

சோப்புத்தூளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கிலோ 118, நான்கு கிலோ 499 என்று எழுதியிருக்கிறீர்கள். கிலோவுக்கு 124 ரூபாய் 75 பைசா ஆகிறது. பெரிய பொட்டலம் மலிவாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "சேமிப்பு பேக்" என்ற சொல் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று வாதிடலாம், ஆனால் அச்சொல்லை அச்சிட்டது தயாரிப்பாளரா கடையா என்பது உங்கள் படத்தில் தெரியவில்லை. புகாரில் துணை வரியாக மட்டும் சேருங்கள். இனி வாங்கும்போது பொட்டலத்திலேயே எம்.ஆர்.பி.க்கு அருகில் கிராமுக்கோ கிலோவுக்கோ என்ன விலை என்று அச்சிட்டிருக்கும், அதை ஒப்பிடுங்கள்.

எந்த ஊரில், எந்த மேசையில்

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது 2020 ஜூலை 20 வரை ஏறக்குறையச் சரி. 1986-ஆம் ஆண்டின் பழைய நுகர்வோர் சட்டத்தில், எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் வழக்குப் போட முடியும். அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் பிரிவு 34, புகார்தாரர் வசிக்கும் இடத்திலோ தொழில் செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலும் தாக்கல் செய்யலாம் என்கிறது. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லைக் கோடு போட்ட பிறகும் அரிசிக்கும் எண்ணெய்க்கும் துணிமணிக்கும் இரு பக்கமும் போய் வந்துகொண்டிருக்கும் நம் விளவங்கோடு பக்கத்து மக்களுக்கு இந்த ஒரு திருத்தம் செய்த உதவி பெரிது. நீங்கள் நாகர்கோவிலில் உள்ள கன்னியாகுமரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் தாக்கல் செய்யலாம். பாறசாலைக் கடை இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும்.

ஆனால் நெய் ஸ்டிக்கருக்காகக் கடையைச் சோதனையிட்டு நடவடிக்கை எடுக்க வேண்டுமென்றால், அந்த அதிகாரம் எல்லைக்கு இப்பால் உள்ளவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. நம் ஊரில் முத்திரை ஆய்வாளர் என்று சொல்பவர்கள் அவர்கள்தான். கேரளத்தில் அதற்கென்றே லீகல் மெட்ராலஜி துறை தனியாக இருக்கிறது. மார்த்தாண்டத்தில் மனுக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். திருவனந்தபுரம் மாவட்டத்து லீகல் மெட்ராலஜி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். மத்திய அரசிலோ மாநிலத்திலோ பயன்படும் எந்த மொழியிலும் குறை தெரிவிக்கலாம் என்று அரசமைப்பின் 350-ஆவது பிரிவு சொன்னாலும், வேலை விரைவாக நடக்க ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ ஒரு பக்கம் சேர்த்து அனுப்புவது நல்லது. அதே சீட்டை நம்பிப் பலர் வாங்கியிருப்பார்கள் என்பதால், பொதுவான நுகர்வோர் நலன் என்ற அடிப்படையில் திருவனந்தபுரம் மாவட்ட ஆட்சியருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 17-இன்படி புகார் அனுப்பலாம்.

இதற்கெல்லாம் முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் பதிவு செய்துகொள்ளுங்கள். அது நீதிமன்றம் அல்ல, கடையை எதுவும் கட்டாயப்படுத்தாது. ஆனால் எழுத்தில் பதில் வாங்கித் தர முயலும். இந்த அளவுத் தொகைக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம்.

ஐந்து லட்சம் வேண்டாம்

உங்கள் கணவரின் கோபம் எனக்குப் புரிகிறது. எண்ணெய்யில் 360, நெய்யில் 20, ஆக 380 ரூபாய் இழப்புக்கு ஐந்து லட்சம் கேட்டால், மனுவைப் படிப்பவர் மூன்றாவது பக்கத்தை நம்பிக்கையோடு திருப்ப மாட்டார். வசூலித்த கூடுதல் தொகை, திரும்பப் போன பேருந்துச் செலவு, அன்று கடை அடைத்ததால் போன வருமானம், ஒரு நியாயமான வழக்குச் செலவு, தவறான சீட்டுகளை நிறுத்தச் சொல்லும் உத்தரவு ஆகியவற்றைக் கேளுங்கள். அந்தக் கடைசிக் கோரிக்கையைத் தவறாமல் சேருங்கள். அதற்கு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

கட்டணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் ஆணையத்தில் கட்டணம் எதுவும் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம், இணையவழியில் தாக்கல் செய்யலாம், காணொளி வழி விசாரணைக்கு விண்ணப்பிக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். மூன்று மாதங்களில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்கை நம்பி நாள் குறிக்காதீர்கள்.

டீக்கடைக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(7). ஆனால் தன் சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. நீங்களும் கணவரும் நின்று ஏத்தம்பழப் பஜ்ஜி போட வாங்கிய எண்ணெய் அந்த விளக்கத்துக்குள் வரும். எத்தனை பாக்கெட் வீட்டுக்கு, எத்தனை கடைக்கு என்பதை மனுவில் உள்ளபடியே எழுதுங்கள்.

ஆதாரங்களில் பில்தான் முதலில் கெடும். பதினான்கு மாதம் கழித்து ஒருவர் என்னிடம் கொண்டுவந்த பில் வெறும் வெள்ளைத்தாளாக இருந்தது; ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் கடையின் பெயருக்கு மேல் எதுவும் தெரியவில்லை. சூடு பட்டால் கறுக்கும் தாள் அது, டீக்கடை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரே வாரத்தில் போய்விடும். இன்றே இரண்டு நகல் எடுங்கள். போனில் எடுத்த படங்களை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய நகலைவிட மூலப் படம் மதிப்புள்ளது, அது எந்த நாளில் எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்ற தகவல் அதில்தான் இருக்கும். தாக்கல் செய்யும்போது, 2023-ஆம் ஆண்டின் புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி, மின்னணு ஆதாரத்துக்கான ஒரு சான்றும் சேர்க்க வேண்டிவரலாம்.

விலைச் சீட்டைப் படம் எடுத்தது குற்றமல்ல. கடை அவர்களுடைய இடம் என்பதால் படம் எடுக்காதீர்கள், வெளியே போங்கள் என்று சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு. சொன்னால் நிறுத்திவிடுங்கள், ஊழியர் முகங்களைப் படம் பிடிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதுவதை நான் இப்போதைக்குத் தடுக்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்வதற்குப் பாதுகாப்பு உண்டு என்றாலும், "திருட்டுக் கடை" என்ற ஒரு சொல் சேர்ந்தால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் பிரிவு 356-இல் அவதூறு வழக்குப் போட அவர்களுக்கு நீங்களே வாய்ப்புத் தருகிறீர்கள்.

அந்த அரிசிப் பை

ஆம், சொல்ல வேண்டும். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 72 என்று ஒன்று இருக்கிறது: தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தைப் பெற்றவரும், தவறுதலாக ஒப்படைக்கப்பட்ட பொருளைப் பெற்றவரும் அதைத் திருப்பித் தர வேண்டும். கூப்பன் வேண்டாம், என் 360 ரூபாயைப் பணமாகவே கொடு என்று நீங்கள் கேட்பதற்கும் இதே பிரிவுதான் ஆதாரம். அதே பிரிவின்படி பில்லில் விழாத அந்தப் பைக்கு 310 ரூபாய் நீங்கள் கடைக்குத் தர வேண்டியவர். "அவர்கள் எடுத்தது, நாம் எடுத்தது, கணக்கு நேராகிவிட்டது" என்று கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். மனத்துக்குள் நேராக்கிக்கொள்ளும் கணக்கு எழுத்தில் இல்லாதவரை செல்லாது. கவுன்டருக்கு மேல் கேமரா இருக்கும். நீங்கள் வழக்குப் போட்ட பிறகு அவர்கள் அந்தப் பதிவைத் தேடி எடுத்து ஆணையத்தின் முன் போட்டுக் காட்டினால், 399 சீட்டைப் பற்றி நீங்கள் சொன்ன உண்மையும் அதோடு சேர்ந்து மங்கிவிடும். நீங்களே முதலில் எழுதினால் நிலைமை தலைகீழ்: சொந்த நஷ்டத்தையும் சொல்கிறவர் என்பதால் மற்ற வரிகளுக்கு எடை கூடும்.

பதிவுத் தபாலில் ஒரே பக்கத்தில் கடைக்கு இப்படி எழுதுங்கள், மலையாளத்தில் எழுதித் தர யாராவது இருந்தால் அதையும் இணைத்து:

"27-ஆம் தேதி இன்ன எண் பில்லில் வாங்கிய பத்து எண்ணெய் பாக்கெட்டுகளுக்கு, ரேக்கில் காட்டிய 399-க்கு மாறாக 435 வசூலித்ததால் 360 ரூபாயும், 335 என்று அச்சிட்ட நெய்க்கு 355 வசூலித்ததால் 20 ரூபாயும் எனக்கு வர வேண்டும். அதே நாளில் நான் எடுத்து வந்த இரண்டு அரிசிப் பைகளில் ஒன்று பில்லில் சேரவில்லை என்பதைப் பின்னர் அறிந்தேன். அதன் விலை 310 ரூபாய் நான் தர வேண்டியது. இவற்றைக் கழித்து மீதி 70 ரூபாயைப் பணமாகத் தரவும், காலாவதியான விலைச் சீட்டுகளையும் விலையை மறைத்து ஒட்டிய ஸ்டிக்கர்களையும் நீக்கி எழுத்தில் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன். 15 நாட்களுக்குள் பதில் இல்லையெனில் நாகர்கோவில் ஆணையத்தையும் உரிய துறைகளையும் அணுகுவேன்."

எழுபது ரூபாய்க்கா இவ்வளவு என்று கணவர் கேட்பார். அந்தக் கடிதத்தில் பணத்தைவிட ஸ்டிக்கரைப் பற்றிய வரிதான் மேலாளரை முதலாளியிடம் ஓட வைக்கும் என்று அவரிடம் சொல்லுங்கள். பணமாகவே தந்து, எழுத்திலும் பதில் கொடுத்தால் உங்கள் சொந்த வழக்குக்கு அவசியமில்லை. நெய் ஜாடியின் படத்தை மட்டும் லீகல் மெட்ராலஜி துறைக்கு அனுப்பிவிடலாம். மறுபடியும் கூப்பன்தான் என்றால் வாங்காதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

பதினைந்து நாள் முடிந்ததும், தபால் ரசீதையும், வந்திருந்தால் அவர்கள் பதிலையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். ஆணையத்துக்கான மனுவின் வரைவை அப்போது சேர்ந்து பார்ப்போம்.